தாரா பங்களாவில் நான் செய்த சத்தியம்

கல்லேரி, இண்டூர் வழி,
தருமபுரி ஜில்லா.
20.7.76

அன்புள்ள மகன் ஜமீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் அப்பா கவுஸ் பாஷா சொல்லச் சொல்ல, அடுத்த வூட்டு ரோசம்மாள் மகள் தெரசா எழுதுவது. இங்கே நான் ஆண்டவன் கிருபையில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் ரெண்டும்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அங்கே நீயும் மருமகள் ஷகிலாவும் குழந்தைகள் ரெண்டும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். ஆடி பிறந்தும் இங்கே மழை இல்லை, ஏரியில் ஆடு குடிக்கிற அளவுக்குத்தான் தண்ணி நிற்கிறது. பரிசல் ஓட்டுவானே மாது, அவனுக்குத் தருமபுரி ஆஸ்பத்திரியில் கண் ஆபரேசன் ஆகி இப்போது பார்வை வந்துவிட்டது, வந்ததும் என்னைப் பார்த்து, ஏன் பாயி இவ்ளோ கெழவனாயிட்டீங்க, கண்ணு தெரியாமலே இருந்திருக்கலாம் போல என்கிறான். ரோசம்மாளுக்குக் காது மந்தம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் வரவில்லையே என்று நினைத்திருப்பாய். ஒன்பது வருசத்தில் என் பேருக்கு நீ போட்ட முதல் கடிதம் அது, முன்னெல்லாம் உங்கம்மா பேருக்குத்தான் போடுவாய், அவள் போனபிறகு அதுவும் நின்றுவிட்டது. ஹஜ் கப்பலுக்கு என் பேரைக் கொடுத்திருந்தாய் என்றும் குலுக்கலில் என் பேர் விழுந்திருக்கிறது என்றும், ரம்ஜான் பெருநாள் கழிந்து பத்தாம் நாள் நான் பம்பாய் வந்து சேர வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். தெரசாவை மறுபடி படிக்கச் சொன்னேன், மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னேன், ஏன் மாமா அழுவுறீங்க நல்ல சேதிதானே என்றாள். நல்ல சேதிதான். ஆனால் ஹஜ்ஜுக்குப் போகிறவன் தான் யார் யாருக்குப் பிழை செய்தானோ அவர்களையெல்லாம் தேடிப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வூட்டுப் படி இறங்க வேண்டும், அது உனக்கும் தெரியும். ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடுவேன், வாய்க்கால் சண்டை ஆட்டுச் சண்டை என்று சின்னச் சின்னதுதான். உன்னிடம் கேட்க வேண்டியதுதான் பெரிசு. நீ பொறுக்காமல் நான் அந்தக் கப்பலில் கால் வைத்தால் அது ஹஜ் இல்லை, வெறும் கடல் பிரயாணம். அதற்குத்தான் இந்தக் கடிதம். தெரசாவிடம், நான் என்ன சொன்னாலும் பேனாவைக் கீழே வைக்காதே, ஒரு சொல்லும் விடாதே என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

ஏரிக்கரையில் நான் வேலை பார்த்த தாரா பங்களா இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கவர்மெண்ட் சட்டம் போட்டு, பறவை சுடக்கூடாது என்று ஏரிக்கரையில் போர்டு நட்டார்கள் அல்லவா, உங்கம்மா போன மறுவருசம், அதோடு துப்பாக்கிச் சத்தம் நின்றது. பங்களாவை வைத்திருந்த சேலத்து மில் முதலாளியும் அடுத்த வருசமே காலமானார். அவர் மகன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். முதலாளியும் விருந்தாளிகளும் மேசை போட்டுச் சாப்பிட்ட ஹாலில் இப்போது மூங்கில் தட்டு தட்டாக அடுக்கி வைத்து, புழுக்கள் முசுக்கொட்டை இலை தின்கிற சத்தம் தூறல் போடுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கிறது. துப்பாக்கி மாட்டிய ஆணிகளில் கோணிப்பை தொங்குகிறது. பின்னாலிருக்கிற நம்ம வூட்டை மட்டும் எனக்கு விட்டு வைத்திருக்கிறார்கள். போன மார்கழியில் தாராக்கள், அந்தக் காட்டு வாத்துகள், வந்து இறங்கின பார், ஏரி கறுத்துப் போய்விட்டது, என் ஆயுசில் அவ்வளவு பார்த்ததில்லை. மாது கரையில் உட்கார்ந்துகொண்டு, பாயி, இந்தப் போர்டை நாமதான் படிக்கத் தெரியாம நிக்கிறோம், தாராங்க படிச்சிட்டு வந்துருச்சு என்றான்.

அந்த பங்களா நம்ம குடும்பத்துக்குச் சோறு போட்டது. முதல் உலக சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார இஞ்சினீர் துரை, ஏரி மதகு கட்ட வந்தவர், வாத்து சுடுவதற்கென்றே அதைக் கட்டினார், உன் தாத்தா அவருக்குச் சமையல்காரராக இருந்தார். துரைக்கு எப்படிச் செத்த பறவையானாலும் ஒன்றுதான். சுதந்திரம் வந்து துரைமார் போனபிறகு சேலத்து முதலாளி வாங்கினார், அவர் கூட்டாளிகளில் நம்ம ஆட்களும் இருந்தார்கள், அப்போதுதான் எனக்கு இந்த வேலை அமைந்தது. குண்டு பட்டுச் செத்தது நமக்கு ஆகாது, உயிர் இருக்கும்போதே அல்லா பேரால் பிஸ்மி சொல்லிக் கத்தி போட வேண்டும். மாது பரிசலில் போய்ப் பறவையைக் கிளப்புவான், கோரைப்புல் மறைப்புக்குப் பின்னாலிருந்து சுடுவார்கள், விழுந்ததும் இடுப்பளவு தண்ணியில் நான் ஓட வேண்டும். கத்தி போடும்போது ரத்தம் பீச்சி காலை உதைத்தால் அது கூடைக்கு, நம்மவர்கள் தின்ன. நான் போவதற்குள் தலை தொங்கிவிட்டால் அது சாக்குக்கு, முதலாளிக்கும் மாதுவுக்கும் ரோசம்மாளுக்கும். கூடையும் சாக்கும் எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே நீ வருவாய். நான் எழுத்து தெரியாதவன், எதையும் மண்டையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் ஒன்றுமே மறக்கவில்லை. கவுஸ் பாஷா கை பட்டதுன்னா கேள்வியே இல்லை என்று முதலாளியின் கூட்டாளி, அந்தத் தோல் மண்டி சாயபு எல்லார் முன்னாலும் சொல்வார். வேலூர்ப் பக்கத்துப் பெரிய மனுசன், அவர் வாயால் அது வரும்போது எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போகும். அந்தப் பூரிப்புதான் என்னைக் கெடுத்தது.

தருமபுரி தனி ஜில்லா ஆன வருசம், நினைவிருக்கிறதா, அந்தக் குளிரில்தான் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. சேற்றில் காலை எடுத்து வைப்பதற்குள் பறவை போய்விடும். சாக்கு நிறைந்தது, கூடை காலியாகவே வந்தது. என்ன கவுஸு, வயசாயிருச்சா என்று முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார், சிரிப்புதான், ஆனால் அன்று சாயபுவுக்கு ஒரே ஒரு சின்னக் கிளுவை வாத்துதான் தட்டில் விழுந்தது. அடுத்த வாரம் ஒரு பெரிய தாரா, பச்சைக் கழுத்து, நான் எடுத்தபோதே கழுத்து துணி மாதிரி தொங்கியது. கரையைப் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை. கத்தியைப் போட்டுக் கூடையில் வைத்துவிட்டேன். பிஸ்மியும் சொன்னேன், அதை எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீ பார்த்தாய். கூடையை மூடினாய். அதற்கப்புறம் எத்தனையோ. ஒருநாள் கரையேறும்போது நீ மெதுவாகக் கேட்டாய், கத்தியை என்கிட்ட கொடுங்கப்பா, நான் ஓடிப் போய் அறுத்துடறேன், நீங்க கரையில நில்லுங்க என்று. உனக்கு இருபத்திரண்டு வயசு, மான் மாதிரி ஓடுவாய், பிஸ்மி சொல்லத் தெரியாதா, கத்தி பிடிக்கத் தெரியாதா. கொடுத்திருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும் மகனே. நான் என்ன சொன்னேன், இந்தக் கை இருக்கிறவரைக்கும் இந்தக் கத்தி வேற கைக்குப் போகாது, வாயை மூடிக்கிட்டு கூடையத் தூக்கு என்றேன். சாயபு என் பேரைத்தானே சொல்கிறார், உன் பேரைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். பெற்ற பிள்ளை மேல் பொறாமை. இதை இந்த வயசில்தான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வருசக் குளிரில் அந்த ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் கழிந்த ரெண்டாவது ஞாயிறு, ஊரெல்லாம் எலெக்சன் போஸ்டர். மத்தியானம் மேசையில் முதலாளி, ரெண்டு டாக்டர்கள், சாயபு. நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய், நான் வாசல்படியில் நின்றேன். சாயபு கறித்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்கமாகக் கேட்கிறபடி, என்ன கவுஸ் பாய், உசுரோடதானே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய், சாப்பிடாதீங்க சாயபு, அது தண்ணியிலேயே செத்துப் போச்சு, நான் தூக்கும்போதே தலை தொங்கிக் கிடந்துச்சு என்று. சாயபு துண்டைத் தட்டில் போட்டார். முதலாளி முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்கு என்ன ஆனதோ, வந்து உன் கன்னத்தில் அறைந்தேன், அல்லா மேல ஆணை, நான் கத்தி போடும்போது காலை உதைச்சுது, இவன் பொய் சொல்றான், பட்டணம் போக விடலைன்னு என் மேல இருக்கிற கோவத்துல சொல்றான் என்றேன். நீ பட்டணம் போகவேண்டும் என்று என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அதையும் நானே அந்த நிமிசத்தில் செய்து போட்டேன். சாயபு உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெத்தவன் மானத்தை மேசையில வெச்சு வாங்குறியேடா என்று சொல்லிவிட்டு அந்தத் துண்டைத் தின்றார். நீ அழவில்லை. சொம்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாய். எழுதும்மா தெரசா, நிறுத்தாதே.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு இண்டூர் பஸ்ஸுக்குக் கிளம்பினாய். உங்கம்மா ஏரிக்கரை வரைக்கும் வந்தாள், நானும் பின்னாலேயே வந்தேன். அம்மா, நான் பொய் சொல்லலம்மா என்றாய். அவள் உன் சட்டைக் காலரைச் சரி செய்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நீ ஒரு நிமிசம் நின்று அவள் முகத்தைப் பார்த்தாய், அப்புறம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். பெற்றவளும் நம்பவில்லை என்று எண்ணிக்கொண்டுதான் நீ பஸ் ஏறியிருப்பாய், நானும் அப்படித்தான் எண்ணினேன், அல்லா என்னைப் பொறுக்கட்டும், அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் மௌத்தான தந்தி உனக்குத் தாமதமாகக் கிடைத்து, நாற்பதாம் நாள் நீ வந்து கபர்ஸ்தானில் அவள் மண்ணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வூட்டுப் பக்கம் வராமலே போய்விட்டாய். நான் புளியமரத்தடியில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேள், இதற்காகத்தான் இருபது நாள் ஆனது. உன் கடிதம் வந்ததும் ஹஜ் சேதியை ரோசம்மாளிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, போங்க பாயி போங்க, நல்லா போங்க, ஆனா ஜுபைதாக்கா வேலி மேல எனக்குக் கிண்ணம் கிண்ணமா தாராக் கறி கொடுத்துச்சே, அது எதுக்குன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போங்க என்றாள். உங்கம்மா எதற்கு அவளுக்குக் கொடுத்தாள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசயம் இதுதான். நீ போனபிறகும் ஒவ்வொரு வேட்டைக்கும் முதலாளி கூடையிலிருந்து நமக்கு ஒரு பறவை கொடுப்பார். உங்கம்மா எனக்குக் குழம்பு வைத்துப் போடுவாள், அவள் மட்டும் களியும் கீரையும் சாப்பிடுவாள். ஏன் என்று கேட்டால் வாடை ஒத்துக்கல, வயித்தைப் பொரட்டுது என்பாள். வயசாகிறது என்று நானும் விட்டுவிட்டேன். அவள் பங்கை ரோசம்மாளுக்குக் கொடுத்துவிட்டு என்ன சொன்னாளாம் தெரியுமா, என் புள்ளை பொய் சொல்ல மாட்டான் ரோசம்மா, அவன் சொன்னது நெசம்னா இது எனக்கு ஆகாதது, அவங்க எதிர்ல வேணாம்னு சொன்னா அவங்க ஒடைஞ்சு போயிருவாங்க, நீ எடுத்துக்க என்றாளாம். நீ பஸ் ஏறின வாரத்திலிருந்து ஆறு வருசம், தாரா கறியில் ஒரு துண்டு அவள் வாய்க்குப் போகவில்லை. அவள் உன்னைத்தான் நம்பினாள் ஜமீர். முதல் நாளிலிருந்தே உன்னைத்தான் நம்பினாள்.

பின்னே ஏன் அம்மா ஒரு வரி எனக்கு எழுதவில்லை என்று நீ கேட்பாய். அதற்கும் நான்தான் காரணம். அவளுக்கும் எழுத்து தெரியாது, கடிதம் எழுத தெரசாவைக் கூப்பிட்டால் நானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், என்ன சொல்கிறாள் என்று கேட்பேன். ஒரு கடிதத்துக்கும் அவளைத் தனியாக விடவில்லை. அதனால்தான் மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, உடம்பைப் பார்த்துக்கொள் என்பதைத் தவிர உனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு தடவை நான் தண்ணி இறைக்க எழுந்தபோது, தெரசா, அவனுக்கு இன்னொண்ணு எழுதணும் என்று ஆரம்பித்தாளாம், நான் உடனே குடத்தோடு திரும்பி வந்துவிட்டேனாம், ஒண்ணுமில்லை, சலாம் போட்டு முடிச்சுடு என்று சொல்லிவிட்டாளாம். தெரசா இதை நேற்றுத்தான் என்னிடம் சொன்னாள், இத்தனை வருசம் அவள் மனசிலும் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இன்னொன்று என்ன என்று இப்போது எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை மாதுவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்தச் சாயபு வூட்டுக்குப் போனேன். படுக்கையில் கிடக்கிறார், ஒரு பக்கம் கை விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது. அன்னிக்கு நீங்க தின்னது செத்த பறவைங்க, என் பையன் சொன்னதுதான் நெசம், நான் அல்லா பேரில் பொய்ச் சத்தியம் பண்ணினேன் என்று சொன்னேன். நல்லாயிருக்கிற கையால் என்னைக் கிட்ட வரச் சொன்னார். அப்புறம், ஏண்டா கெழவா, ஒம்பது வருசம் கழிச்சு என் வயித்தக் கலக்க வந்தியா என்று கேட்டார், மாது சிரித்துவிட்டான், அவரும் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணி. அப்புறம் சொன்னார், தெரியாம தின்னது என் மேல இல்ல, அது உன் கழுத்துல கெடக்கு, நான் பொறுத்துட்டேன், ஆனா அந்தப் புள்ளைய மேசை முன்னாடி நானும் ஒரு பேச்சு பேசினேனே, அவன்கிட்ட எனக்கும் சேத்து சொல்லு என்றார். சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இண்டூர் பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். சில பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவன் மட்டும் இதையெல்லாம் இப்ப எதுக்கு பாய் கெளப்புறீங்க என்றான். அங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது.

இப்போது என் கேள்வி. உனக்குச் செய்ததை நீ பொறுக்க முடியுமா என்று கேட்கிறேன். பொறு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, கேட்க மட்டும்தான் உரிமை. உங்கம்மாவை உன்னிடமிருந்து ஆறு வருசம் மறைத்து வைத்தேன், அதைப் பொறுக்க நீ எங்கே போவாய் என்று எனக்கே தெரியவில்லை. இதற்குப் பதில் கடிதம் போடாதே. போட்டால் தெரசாதான் படிக்க வேண்டும், நல்ல பெண், நீ கடுமையாக எழுதியிருந்தால் இளக்கிப் படித்துவிடுவாள், நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும். நான் எப்படியும் பெருநாள் கழிந்து கிளம்பி வருகிறேன். தெரசா வூட்டுக்காரர் மெட்ராஸ் வரை வந்து பம்பாய் ரயிலில் ஏற்றி விடுகிறேன் என்றிருக்கிறார், எந்த நாள் எந்த ரயில் என்று அவர் உனக்குத் தந்தி கொடுப்பார். நீ ஸ்டேஷனுக்கு வா. வந்து நின்றால் உன் வூட்டுக்கு வந்து, ஷகிலா முன்னாலும் உன் பிள்ளைகள் முன்னாலும், உங்க அப்பன் நெசம் சொன்னான், உங்க தாத்தன்தான் பொய் சொன்னான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் நீ சொல்கிற கப்பலில் ஏறுவேன். நீ வரவில்லை என்றால் கோபமே படமாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இறங்கின இடத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, யாரையாவது கேட்டு மெட்ராஸ் ரயிலில் ஏறிக்கொள்வேன். என் இடத்தை வேறு யாராவது நல்ல மனுசனுக்குக் கொடுக்கச் சொல்லிவிடு.

ஷகிலாவை மனசு நோகப் பேசாதே, நீ கோபக்காரன் இல்லை, ஆனாலும் என் ரத்தம், அதனால் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பம்பாய்த் தண்ணியைக் காய்ச்சிக் கொடுங்கள். சின்னவனுக்கு இருமல் என்று எழுதியிருந்தாய், மிளகு சேர்த்த பால் கொடுக்கச் சொல். அந்த அல்லா உனக்கு நீண்ட ஆயுசையும் குறைவில்லாத வயிற்றையும், நீ உண்மை சொன்னால் உன்னை நம்புகிற பிள்ளைகளையும் கொடுக்கட்டும். மறந்துவிடாதே, எனக்கு ஸ்டேஷன் போர்டு படிக்கத் தெரியாது, இங்கே இறங்கு என்று யாராவது சொன்னால்தான் இறங்குவேன். கூட்டத்தில் என்னை அடையாளம் தெரியாமல் போகலாம், ரொம்பக் கூனிவிட்டேன். பெட்டியிலிருந்து இறங்கின இடத்தைவிட்டு ஓர் அடி நகர மாட்டேன், நீ அங்கேயே வந்து பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
கவுஸ் பாஷா
(இடது கைப் பெருவிரல் ரேகை)

மாமா சொன்னபடியே, ஒரு சொல்லும் இளக்காமல் எழுதியது: தெரசா